தாபரிப்புக் காசு எடுக்கிற நாள்

நீங்கள் பருத்தித்துறைக் கோட்டடிக்கு ஒருக்காவது வந்திருப்பீர்கள். எல்லைவேலிச் சண்டைக்கோ, காணி உறுதி விஷயத்துக்கோ, இல்லாவிட்டால் சும்மா ஐயாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டோ. வாசல் வேம்பும், அதன் கீழே கடகத்தோடு குந்தியிருக்கிற கச்சான் ஆச்சியும் நினைவில் இருக்கும். விறாந்தையில், சிறாப்பரின் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில், இரண்டு நீட்டு வாங்குகளில் பெண்களும் கைக்குழந்தைகளுமாய் நெருங்கியிருந்ததைக் கண்டு, 'இதென்ன, ஊசி போடுற இடமோ' என்று நினைத்துமிருப்பீர்கள். அதுதான் தாபரிப்புப் பகுதி. 1976 இல் எழுதுவினைஞர் சோதனை பாஸாகி, முதல் நியமனமாக நான் போயிருந்த கதிரை அந்த வாங்குகளுக்கு நேர் முன்னால் கிடந்தது.

விடியக் காலமை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற 750 ஆம் நம்பர் பஸ் நெல்லியடியில் அரைவாசியை இறக்கிவிட்டு மீதியோடு வந்து நிற்கிறது. கரவெட்டிப் பக்கத்துப் பெண்கள் அதில் வந்துவிடுவார்கள். கற்கோவளத்திலிருந்தும் தும்பளையிலிருந்தும் நடந்து வருகிறவர்கள் அவர்களுக்கும் முந்தி வந்து வாங்கின் மூலையைப் பிடித்திருப்பார்கள். பிள்ளைக்குச் சட்டை புதுசாயிருக்கும், தாய்க்குச் சீலை பழசாயிருக்கும். இடுப்பில் இருக்கிற குழந்தையில் பவுடர் மணம், கையில் கட்டின வசம்பின் மணம், தலையில் வைத்த நல்லெண்ணெயின் மணம். இவற்றோடு என் மேசையின் கோந்துப் போத்தலும், பெருவிரல் அடையாளத்துக்கு வைத்த ஊதா மைத் தகரமும், உருக்கின அரக்கும் சேர்ந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் தபாற்கந்தோரில் யாரும் அரக்கு உருக்கினால் பால் மணத்தையும் சேர்த்துத்தான் என் மூக்குத் தேடுகிறது.

வேலை என்னவென்றால், பெண்சாதியை, பிள்ளையைப் பாராமல் விட்ட மனிசனுக்கு மாதாமாதம் இவ்வளவு கட்டு என்று நீதவான் கட்டளை போடுவார். அந்த மனிசன் காசைக் கொண்டுவந்து சிறாப்பரிடம் கட்டுவார். நான் பேரேட்டில் பதிய வேண்டும். அவள் வந்து கையெழுத்தோ பெருவிரலோ வைத்து எடுத்துக்கொண்டு போவாள். கட்டாவிட்டால் பிடியாணை. பிடிபட்டு வந்தும் கட்டமாட்டேன் என்றால், நிலுவையில் நிற்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல். வெள்ளைக்காரன் 1889 இல் போட்ட கட்டளைச் சட்டம் அது. நான் போன காலத்திலும் அதுதான் நடந்தது. ஐம்பது ரூபாய்க் கட்டளையும் இருந்தது, அதற்குக் குறைந்ததும் இருந்தது. அந்தக் காசை எண்ணி வாங்கி, சீலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை ஒருக்கா இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவார்கள்.

பேரேட்டில் பிள்ளைக்குப் பெயர் இல்லை. வழக்கு இலக்கம், மனுதாரியின் பெயர், எதிர்மனுதாரரின் பெயர், தொகை, திகதி, அவ்வளவுதான். எங்கள் சீவ் கிளாக்கர் ஐயா, வெள்ளை வேட்டியும் நஷனலும் போட்டு வருகிற மனிதர், முதல் நாளே ஒரு பென்சிலைச் சீவி என் கையில் தந்தார். "தம்பி, ஓரத்திலை பிள்ளையின்ரை பேரை எழுதி வையும். அவை வந்து நிண்டால் வழக்கு நம்பரைக் கேளாதையும். பிள்ளை எப்பிடி எண்டு பேர் சொல்லிக் கேளும்." அவருக்கு முந்தி இருந்தவர்களும் எழுதியிருந்தார்கள். பழைய பேரேடுகளைப் புரட்டினால் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, மங்கின பென்சிலில், ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்து இடாப்பே இருக்கும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'அம்மன் வருத்தம்' என்றும் 'அஞ்சாம் வகுப்பு' என்றும் குறிப்பு. கணக்காய்வுக்கு வந்தவர்கள் அதைக் கண்டும் காணாதமாதிரி விட்டுவிட்டுப் போனார்கள். அரசாங்கப் பேரேட்டில் நடந்த மிக நல்ல காரியம் அந்தப் பென்சில் எழுத்துத்தான் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

பழைய சட்டத்தில் கொடிய இடம் ஒன்று இருந்தது. தாலி கட்டாமல் பிறந்த பிள்ளைக்குத் தாய் மனுப்போட வேண்டுமென்றால், பிறந்து 12 மாதத்துக்குள் போட வேண்டும். அது தவறினால், அந்த 12 மாதத்துக்குள் தகப்பன் பிள்ளையைப் பராமரித்தான், அல்லது அதற்குக் காசு கொடுத்தான் என்று காட்ட வேண்டும். தகப்பன் இவர்தான் என்று தாய் மட்டும் சொன்னால் போதாது. அதை ஒத்துச் சொல்ல வேறு சாட்சியமும் வேணும். வேலிக்கு வேலி கண் இருக்கிற ஊரில், எல்லாருக்கும் தெரிந்த விஷயத்துக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் வரமாட்டார்கள். 'நாளைக்கு அவையின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையே' என்பார்கள்.

ஒரு பிள்ளைக்காரி வந்தாள். அப்படிச் சொல்வதும் பிழை, அவளே ஒரு பிள்ளைதான். குழந்தை விரலைப் பிடித்துத் தத்தித் தத்தி நடக்கிறது. நடக்கிற பிள்ளையென்றால் தவணை கடந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. வேம்பின் கீழே தட்டச்சுப் பெட்டியோடு இருந்து பெட்டிசம் எழுதுகிற ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்கிறார்.

"பிள்ளை பிறந்தாப் பிறகு அந்தாள் தன்ரை கையாலை ஏதும் தந்தவரோ? ஆறுதலா யோசிச்சுச் சொல்லு மோனை."

"என்னத்தை ஐயா தந்தவர்... ஒருக்கா மாத்திரம் பால்மா ரின் ஒண்டு கொண்டந்து திண்ணையிலை வைச்சிட்டுப் போனவர்."

"எப்ப?"

"பல்லுக்கொழுக்கட்டைக்கு முதல் கிழமை."

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு முதற்பல் முளைத்தால் கொழுக்கட்டை அவித்துத் தலையில் கொட்டுவார்கள், உங்களுக்குத் தெரியாததில்லை. அப்போது எட்டு மாதத்துக் குழந்தை, தவணைக்குள். ஐயா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். எந்தக் கடை, எந்தச் சந்தி என்று விசாரித்து, கடைக்காரரின் கடன்கொப்பி வரைக்கும் ஆள் விட்டார். லக்ரோஜன் ரின் ஒன்று, அந்த மனிசனின் பெயரில், திகதியோடு. 'அவர் பால்மா வாங்கினது தன்ரை தமக்கையின்ரை பிள்ளைக்கு' என்று எதிர்ப்பக்கம் சொல்லிப் பார்த்தது. கடைக்காரர் கூட்டில் ஏறி நின்று, கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி, "ஆருக்கு எண்டு அண்டைக்கே சொல்லித்தான் வாங்கினவர்" என்றார். கட்டளை விழுந்தது. ஓரத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதினபோது சீவ் கிளாக்கர் ஐயா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பெயரை இங்கே எழுதமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயது கிட்டும்.

பெட்டிசக்கார ஐயாவைச் சொன்னதும் மற்றவர்களும் வரிசையாய் வருகிறார்கள். 1974 இல் புதுச் சட்டம் வந்து அப்புக்காத்தையும் புறக்கிராசியையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி ஆக்கிவிட்டது. சனம் மட்டும் 'புறக்கிராசியார் வந்திட்டாரோ' என்றுதான் கேட்டுக்கொண்டு நின்றது. பியோன் அண்ணர் வாசலில் நின்று பெயர் கூப்பிட்டால் பஸ்நிலையம் வரை கேட்கும். மூன்று தரம் கூப்பிட வேண்டும் என்பது முறை. தாபரிப்பு வழக்கென்றால் மட்டும் விறாந்தைக்கு இறங்கி வந்து, தாயின் பக்கம் குனிந்து, "உங்களைத்தான் தங்கச்சி" என்பார். கச்சான் ஆச்சி கடதாசிச் சுருளில் கச்சானைப் போட்டு அழுகிற பிள்ளைகளிடம் நீட்டுவாள். "காசு வந்தாப் பிறகு தா" என்று தாயிடம் சொல்லுவாள். வந்த பிறகு அவள் கேட்டதை நான் காணவில்லை.

மாதாமாதம் என்று கட்டளை சொல்லும். தோட்டமும் கடலும் மாதக்கணக்கில் நடக்கிறதில்லை. பேரேட்டைப் பார்த்தே ஊரின் பருவம் சொல்லலாம். வெங்காயம் கிண்டினால் கரவெட்டிக் கணக்குகள் ஒரேயடியாய் நிரம்பும், மூன்று மாத நிலுவையும் சேர்த்து. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும்போது கடற்கரைப் பக்கத்துக் கணக்குகள் வெறுமையாய் நிற்கும். நான் சேர்ந்தபோது வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் கட்டுப்பாட்டில் இருந்தன. தோட்டக்காரன் கையில் காசு புழங்கிய காலம், அரைக்கைச் சேட்டுப் பையிலிருந்து நோட்டுக் கத்தையாய் எடுத்து எண்ணிக் கட்டினார்கள். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அதே மனிதர்கள் அடுத்தடுத்த வருஷங்களில் தோளில் சால்வையோடு வந்து, கம்பிக்கூட்டுக்கு முன்னால் நின்று, இரண்டு ரூபாய்த் தாள்களைச் சுருக்கம் நீவி நீவி வைத்தார்கள். எல்லாரும் மனச்சாட்சி இல்லாதவர்கள் என்று நான் நினைக்கவில்லை. கொழும்பில் எழுதின சட்டம் ஒரு போகம் அழிந்துபோனதைக் கேட்காது, நிலுவை நிலுவைதான். அதற்காகப் பிள்ளையின் வயிறு பொறுக்குமா என்றால், அதுவும் பொறுக்காது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மேசை என்னுடையது.

ஒரு தோட்டக்காரர் வருவார். கட்டிவிட்டு உடனே போகமாட்டார். வேம்பின் மறுபக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்பார். வாங்கில் அவருடைய மகள், இரட்டைப் பின்னல், தாயின் மடியில் சாய்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பாள். தாய்க்கும் அவருக்கும் பேச்சில்லை. அவர் கிட்டப் போனால் அவள் எழும்பிப் போய்விடுவாள். அதனால் சேட்டுப் பையிலிருந்து இனிப்புச் சரையை எடுத்துப் பியோன் அண்ணரிடம் கொடுப்பார். அண்ணர் தன்னுடையது போலக் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் வைப்பார். பிள்ளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு வேம்புப் பக்கம் பார்க்கும். தாயும் பார்த்தும் பாராமல் இருப்பாள். யார் கொடுத்தது என்று அந்த விறாந்தையில் எல்லாருக்கும் தெரியும்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பேரேட்டில் முகவரிகள் மாறத் தொடங்கின. கொழும்பில் கடை வைத்திருந்து ஒழுங்காய் மணியோடர் அனுப்பின சிலர், எரிந்ததை விட்டுவிட்டு 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள், கட்டுவதற்கு ஒன்றுமில்லாமல். பிறகு இளம் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். கிழக்கு பேர்ளினில் இறங்கி மேற்கு பேர்ளினுக்குக் கடக்கலாம் என்ற கதை வாங்குகளிலும் நடந்தது. அழைப்பாணை 'ஆள் இல்லை' என்று திரும்பி வரும். கொஞ்ச நாளில் அழைப்பாணை கொண்டுபோகவே ஆள் இல்லாமல் போயிற்று. பொலிசார் நிலையத்தை விட்டு வெளிக்கிடாத காலம். 1987 வைகாசியில் வடமராட்சியில் இராணுவம் இறங்கினபோது நாங்கள் எல்லாரும் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடந்தோம். கோயில் வெளிவீதியில், சனத்துக்கு நடுவில், எங்கள் வாங்குத் தாய் ஒருத்தி என்னைக் கண்டு கிட்ட வந்தாள். காசு வந்ததா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "ஐயா சாப்பிட்டியளோ" என்று கேட்டாள்.

போன வருஷம் பக்கத்து வளவுப் பிள்ளைக்குத் துணையாய் நீதிமன்றம் போனேன். 1999 இல் வந்த 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் இப்போது நடக்கிறது. பிள்ளைக்கு 18 வயது மட்டும் கேட்கலாம். அதற்கு மேலும் 25 மட்டும் பிள்ளை தானே கேட்க வழியிருக்கிறது. சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுக்கவும் கட்டளை போடலாம். பக்கத்து வளவுப் பிள்ளையின் புருஷன் அரசாங்க உத்தியோகம்; காசு வங்கிக் கணக்குக்குப் போய்விடும். மாதாமாதம் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து கைநீட்ட வேண்டியதில்லை. இது நல்லது. எங்கள் வாங்குத் தாய்மாருக்கு இது கிடைத்திருக்க வேணும் என்று அங்கேயே நினைத்தேன். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், எல்லாம் படித்த பிள்ளைகள். மனு எப்படிப் போடுவது என்று பொறுமையாய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியில் பிளாஸ்ரிக் கதிரைகள். அங்கே இருந்த ஐந்தாறு பெண்களும் ஆளுக்கொரு கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருத்தியின் குழந்தை அழுதது. என்னோடு வந்த இவள் எழும்பி அதைத் தூக்கலாமோ என்று என்னைப் பார்த்தாள். "தூக்கு பிள்ளை" என்றேன். அந்தத் தாய் கொஞ்சம் வெருண்டுபோய், "பரவாயில்லை அக்கா" என்று குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்தத் தோட்டக்காரரின் கதையை இவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். "என்ன இனிப்பு மாமா?" என்று கேட்டாள். தோடம்பழ இனிப்பு என்று சொல்லிவிட்டேன், பிறகு சந்தேகம் வந்துவிட்டது. சரை சின்னது, வெள்ளையும் சிவப்புமாய்ப் பொடிப் பொடியாய்க் கடதாசியில் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரியும் இருக்கிறது. அப்படியென்றால் பல்லிமுட்டாசு. பியோன் அண்ணரிடம் கேட்டால் உடனே சொல்லுவார். அவர் 1995 இடம்பெயர்வோடு வன்னிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. நீங்கள் அந்த வேம்படியில் நின்றிருந்தால், உங்களுக்கும் அவர் ஒன்றிரண்டு கையில் போட்டிருப்பார். தோடம்பழ இனிப்போ, பல்லிமுட்டாசோ, எதென்று சொல்லுங்கோ.