ஐந்து கிலோவாட்

சென்ற வாரம் ஒரு கருத்தரங்கில் என் ஆய்வை முன்வைத்தபோது, புவிவெப்பத்திலிருந்து மின்சாரம் எடுத்த முன்னனுபவம் இந்தியாவில் உண்டா என்று மூத்த பேராசிரியர் ஒருவர் வினவினார். "உண்டு ஐயா, இமாசலப் பிரதேசத்து மணிகரணில் 5 கிலோவாட்" என்றேன். அரங்கில் சிரிப்பு எழுந்தது. "அது என் வீட்டு ஜெனரேட்டரின் அளவாயிற்றே!" என்றார் அவர். நான் பதில் கூறாமல் அடுத்த படவில்லைக்கு நகர்ந்துவிட்டேன். மாலையில் அல்சூர் ஏரிக்கரையில் நடந்தபோது, சொல்லாமல் விட்ட விடை நெஞ்சை உறுத்தியது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அச்சிறு நிலையத்தை இயக்கியது நம் பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம். அல்சூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் அது இருக்கிறது. மணிகரண் வெந்நீர் ஊற்றில் குருத்வாராவுக்கான அரிசியும் பருப்பும் வேகும். ஆயினும் டர்பைனை நேரடியாகச் சுழற்றவல்ல உயரழுத்த நீராவி அதில் இல்லை. ஆகவே அவ்வெந்நீரின் வெப்பத்தைக் கொண்டு, ஏறத்தாழ 48 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும் ஆர்-113 என்னும் திரவத்தை ஆவியாக்கினர். அந்த ஆவி விரிந்து இயந்திரத்தைச் சுழற்றும். பின் குளிர்ந்து திரவமாகி மீண்டும் சுற்றுக்குத் திரும்பும். இருமச் சுழற்சி என்பது இதுவே.

இம்முறையில் வெந்நீரின் சூட்டைப் போலவே சூழலின் குளிரும் ஒரு வளம். 90 டிகிரி நீரும் 25 டிகிரிச் சூழலும் இருப்பின், கோட்பாட்டளவில் உச்சத் திறன் சுமார் 18 விழுக்காடு. சூழல் 0 டிகிரியாயின் அதுவே சுமார் 25 விழுக்காடாகும். நடைமுறையில் கிடைப்பது இவற்றினும் வெகு குறைவு என்றாலும், இமயத்தின் குளிர் நமக்குச் சாதகமே. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் 1 மெகாவாட் நிலையம் அமைக்க 2021இல் ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால், இயந்திரத்துக்கு உதவும் அதே குளிரும் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் துளையிடுவோரை வாட்டுகின்றன.

இத்தாலியின் லார்தரெல்லோவில் 1904ஆம் ஆண்டு நிலத்தடி நீராவி முதன்முதலில் ஏற்றியவை ஐந்தே மின்விளக்குகள். 1913இல் அங்கு 250 கிலோவாட் நிலையம் எழுந்தது. அப்பகுதி இன்றும் மின்சாரம் தருகிறது. மணிகரண் முயற்சியோ ஒரு மின்நிலையமாக வளரவில்லை. ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-113 திரவமும் மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் கைவிடப்பட்டது. ஆனால் அதனிடத்தில் ஐசோபியூட்டேன், பென்டேன் போன்றவற்றைக் கொண்டு அதே சுழற்சி உலகெங்கும் இயங்குகிறது.

ஆகவே, ஐயா, சிறிதாகத் தொடங்கியது இழுக்கன்று. தொடராமல் விட்டதே இழுக்கு. அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுதான்.

தலைப்பை மாற்றிக்கொள்ளுமாறு நலம்விரும்பிகள் சிலர் அறிவுறுத்துகின்றனர். உதவித்தொகை முடிய இன்னும் எட்டு மாதங்களே உள்ளன. எனினும் மாற்றப்போவதில்லை. என் ஆய்வேட்டின் முதல் இயல் மணிகரணிலிருந்தே தொடங்கும். அந்த இயந்திரத்தோடு பணியாற்றிய பெரியவர் எவரேனும் இப்பதிவைக் காண நேர்ந்தால், ஒரு வரி எழுதுங்கள். தாங்கள் இருக்குமிடம் தேடி நானே வருகிறேன்.