யாருக்கும் வகுபடாத 101!

எங்க ஊர்ப் பக்கம் கல்யாண வீட்டு மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்க. 51, 101, 501, 1001... எல்லாமே ஒத்தை ரூபாயிலதான் முடியும். இதுல 101-க்கு மட்டும் தனி கெத்து உண்டு பாஸ்! 51, 501 ரெண்டையும் மூணால வகுத்துடலாம். 7, 11, 13 மூணையும் பெருக்கினா 1001 வந்துடும். 101 மட்டும்தான் ஒண்ணையும் தன்னையும் தவிர யாருக்கும் மசியாது. பகா எண்!

அந்தியூர்க்காரங்களான எங்களுக்கு 101 ஒரு வகையில சொந்தம். 1887-ல ஈரோட்டில் பிறந்த ராமானுஜன், ஒரு எண்ணோட பாதியிலிருந்து அந்த எண் வரைக்கும் குறைஞ்சது எத்தனை பகா எண் இருக்கும்னு 1919-ல வெளியான கட்டுரையில காட்டினார். அந்தக் கணக்குல வர்ற 2, 11, 17, 29, 41... வரிசைக்கு 'ராமானுஜன் பகா எண்கள்'னு பேர். அதுல பதினொண்ணாவது ஆள் 101. அதாவது, 101-லிருந்து எந்த எண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல அது வரைக்கும் 11 பகா எண்ணாவது கட்டாயம் இருக்கும்!

இனி பெரிய தலைக்கு வருவோம். 2024 அக்டோபர்ல, அதுவரை கண்டதிலேயே மிகப் பெரிய பகா எண்ணை அறிவிச்சாங்க. கண்டுபிடிச்சவர் லூக் டுரான்ட். 13,62,79,841 இரண்டுகளை வரிசையா நிறுத்திப் பெருக்கி, ஒண்ணைக் கழிச்சா அந்த எண். மொத்தம் 4,10,24,320 இலக்கம்! விநாடிக்கு ஒண்ணுன்னு தூங்காம வாசிச்சாலும் 474 நாள் தாண்டிடும். பைனரியில எழுதினா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வெறும் 1 மட்டும்தான்.

"ஏங்கண்ணு, இதுனால யாருக்கு என்ன லாபம்?"னு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நெட்ல ரகசியம் காக்குற ஆர்.எஸ்.ஏ. முறைக்கு சுமார் 300 இலக்கப் பகா எண் ரெண்டு போதும். நாலு கோடி இலக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனா, எனக்கு 2002 ஆகஸ்ட்தான் ஞாபகம் வருது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், பி.டெக். முடிச்ச கையோட இருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு எண் பகா எண்ணா இல்லையான்னு உறுதியா சொல்ற வழி. இலக்கம் கூடக் கூட, நேரம் கட்டுக்கடங்காம எகிறாத வழி. 2006-ல கோடல் பரிசு கிடைச்சது. லாபம் பார்த்தா இறங்கியிருப்பாங்க? நீரஜுக்கும் நிதினுக்கும் அப்போ கிட்டத்தட்ட நம்ம வயசுதான்!

எனக்கு இன்ஜினீயரிங் முடிச்சுட்டு எம்.எஸ்சி. கணிதம் படிக்க ஆசை. வீட்டுலயோ கல்விக் கடன் நிக்குது. "வேலைக்குப் போய்க்கிட்டே ராத்திரியில கணக்குப் போடக் கூடாதா கண்ணு?"ன்னார் அப்பா.

"பகா எண்ணைப் பாதியா பங்கு போட முடியாதுங்கப்பா"ன்னேன்.

அப்பா ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, நுழைவுத் தேர்வுக்கு அப்ளிகேஷன் ஃபீஸ் எவ்வளவுன்னு மட்டும் கேட்டார்!