தீபாவளிச் சட்டி

யாழ்ப்பாணத்துத் தீபாவளி என்றதும் என் வயதினருக்கு முதலில் நினைவில் எழுவது பட்டாசு அன்று, பங்கு இறைச்சி. ஊரில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு கிடாயை வாங்கும். விடியற்புறத்தில் மரத்தடியில் அதை உரித்து, ஓலைகளில் பங்கு பிரிப்பார்கள். ஈரலும் எலும்பும் கொழுப்பும் ஒவ்வொரு பங்கிலும் சிறிதேனும் இருக்க வேண்டும். பனையோலைப் பையில் இறைச்சி வீடு வந்து சேரும்போது வெயில் ஏறியிராது. ஒன்பது மணிக்குக் கறி அடுப்பில், நண்பகலில் வாழையிலையில்.

எங்கள் ஊரில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலம் அது. மிஞ்சிய கறியை என்ன செய்தோம்? மிஞ்ச விடவில்லை என்பதே விடை. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வரும். அமாவாசைக்கு மறுநாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். அதற்குமுன் மச்சச் சட்டிகளைச் சாம்பலிட்டுக் கழுவிக் கவிழ்த்தாக வேண்டும். பகல் முழுவதும் சட்டி தணலிலேயே இருக்கும். இரவு அம்மம்மா அதைக் கொதிக்க வைத்து வற்றவிட்டு, அச்சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுக் குழைத்து, உருண்டை உருண்டையாகத் திரட்டி எங்கள் கைகளில் வைப்பார். "நாளைக்கெண்டு ஒண்டும் வைக்கக்கூடாது, மோனை" என்பார். அவருக்குக் கிருமியைப் பற்றி எதுவும் தெரியாது, விரதம் தெரியும்.

விரதம் பிடிக்கும் வழக்கம் என் வீட்டில் எப்போதோ நின்றுவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளிக்கு டொரொன்டோவிலிருந்து தங்கையின் குடும்பம் வந்திருந்தது. சந்தையில் நான்கு கிலோ இறைச்சி வாங்கினேன். பாதிக் கறி மிஞ்சியது. பேச்சு சுவாரசியத்தில் பானை மாலைவரை மேசையிலேயே இருந்தது. பிறகு அதை அப்படியே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளினேன். அன்றிரவு மழைக்கு மின்சாரம் போய், விடியற்காலையில்தான் வந்தது. மறுநாள் கறியின் மணமும் மாறவில்லை, சுவையும் மாறவில்லை. சூடாக்கிப் பாணோடு உண்டோம். இரவு, தங்கையின் நான்கு வயதுப் பேத்திக்கு வாந்தியும் வயிற்றோட்டமும். மருத்துவமனையில் சேர்த்துச் சேலைன் ஏற்றினார்கள்.

கறியைச் சூடாக்கினீர்களா என்று மருத்துவர் கேட்கவில்லை. சமைத்தபின் எவ்வளவு நேரம் வெளியில் இருந்தது என்றுதான் கேட்டார். வாழ்நாள் முழுவதும் பிறரைக் கேள்வி கேட்டுப் பிழைத்த பத்திரிகைக்காரன், பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் அவை முளைத்துப் பெருகுகின்றன. வேறு சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் அழியாது. பெரிய பானையின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் செல்லும். ஆகவே சமைத்த 2 மணி நேரத்துக்குள் ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிரூட்ட வேண்டும். 3 அல்லது 4 நாள்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். மின்சாரம் 4 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோனால், மனம் கசந்தாலும் கறியைக் கொட்டிவிட வேண்டும்.

இவை தங்கைக்குத் தெரியாதவை அல்ல. ஒவ்வொரு நத்தாருக்கும் அவள் வான்கோழி சமைப்பவள். உறைந்த பறவையைக் கிலோவுக்கு ஏறக்குறைய 10 மணி நேரக் கணக்கில் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே உருகவிடுவாள். நீர் தெறித்துக் கிருமி பரவும் என்பதால் கழுவமாட்டாள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 82 பாகை காட்டும்வரை வேகவிடுவாள். மிஞ்சியதை அன்றே எலும்பிலிருந்து பிரித்துக் குளிரில் வைத்து, மறுநாள் புட்டுக்குப் பிரட்டல் செய்வாள். அங்கே இவ்வளவு கவனமாக இருப்பவள், இங்கே அண்ணன் வீடு என்பதால் எதையும் கேட்கவில்லை. அந்த நம்பிக்கைதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

பழையவை எல்லாம் நல்லவை என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் வயிற்றோட்டத்துக்குப் பலியான குழந்தைகள் பலர். ஆனால் அம்மம்மாவின் சட்டிக்கு ஒரு முடிவு நேரம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்தபின் அந்த நேரத்தை நான் தொலைத்துவிட்டேன்.

குழந்தை இரண்டு நாளில் தேறிவிட்டாள். இப்போது தீபாவளிக்கு ஒன்றரைக் கிலோதான் வாங்குகிறேன். இரவில் சட்டிக்குள் குழையல் நடக்கிறது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் தங்கை அழைப்பாள். வாழ்த்துச் சொல்லுமுன் அவள் கேட்பது ஒன்றே:

"அண்ணை, சட்டி கழுவியாச்சே?"