மணியம் வரைந்த முகங்கள்

ஆம்பூரில் எங்கள் பெரியம்மா வீட்டு மரப்பீரோவில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் இருக்கிறது. கடையில் வாங்கியதல்ல. 1950 அக்டோபர் முதல் 1954 வரை ‘கல்கி’யில் வாராவாரம் வந்ததைப் பெரியம்மாவின் மாமியார் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தது. தோல் ஊர் அல்லவா? பைண்டர் முதுகுக்கு ஆட்டுத்தோலையே போட்டிருக்கிறார். ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோல் இன்றும் அப்படியே இருக்கிறது. உள்ளே காகிதம்தான் தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது.

வந்தியத்தேவன் எங்கள் பக்கத்துப் பையன். வாணர் குலத்துத் தலைநகரான திருவல்லம் காட்பாடியை அடுத்த ஊர்தான். ஆனால் அவன் முகம் எனக்குத் தெரிந்தது மணியத்தால். கதை எழுதுகிறவன் ‘அழகிய கண்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம்; நானே எத்தனையோ முறை அப்படி நகர்ந்திருக்கிறேன். சித்திரக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. கண் எவ்வளவு நீளம், கொண்டை எந்தப் பக்கம், தோளில் என்ன நகை, எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குள் தீர்மானித்தாக வேண்டும். 1968-இல், நாற்பத்து நான்கு வயதுக்குள், மணியம் போய்விட்டார். பிறகு அதே கதைக்கு வினு வரைந்தார், மணியத்தின் மகன் மணியம் செல்வன் வரைந்தார், பத்மவாசன் வரைந்தார். எல்லாம் அழகுதான். பெரியம்மாவிடம் காட்டினால், “இவள் நந்தினி இல்லேடா, நந்தினி வேஷம் போட்டவள்” என்பாள்.

சென்ற மாதம் பேரன் வந்தான். படங்களை மட்டும் வெட்டி பிரேம் போட்டு ஹாலில் மாட்டலாம் என்றான். “எழுத்துதான் மலிவுப் பதிப்பாக எங்கும் கிடைக்கிறதே, சித்தப்பா!” நியாயந்தான். அந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் படம் கிடையாது என்பதும் அவன் கட்சிக்கே பலம். அந்நாளில் சித்திரம் பிளாக் செய்யப் போகும். பிளாக் வந்த பிறகு மூலத்தைத் தேடுகிறவர் குறைவு. அமெரிக்காவில் நார்மன் ராக்வெல் என்ற பத்திரிகைச் சித்திரக்காரருக்கு 1969-இலேயே மியூசியம் வைத்துவிட்டார்கள். நமக்கு இப்படிப்பட்ட மரப்பீரோக்களும், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிரு இடங்களுந்தான்.

வெட்டக் கூடாது என்றேன். ஒரு படத்தை வெட்டினால் பின்பக்கத்தில் கதை அரைப்பக்கம் போகும். தவிர, நந்தினி எந்த வரியில் திரும்பிப் பார்க்கிறாளோ அந்த வரிக்கு மேலேதான் அவள் இருக்க வேண்டும்.

அவன் கத்தரிக்கோலோடு மூன்றாம் பாகத்தைப் பிரித்தான். குந்தவையின் படத்துக்கு ஓரமாகப் பென்சிலில், “பால் அரைப்படி பாக்கி” என்று கொள்ளுப்பாட்டியின் கையெழுத்து. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

“விளக்கைப் போட்டுக்கோடா” என்றாள் பெரியம்மா.