பசை வாளியும் பத்து யூரோவும்

போஸ்டரில் ‘பல்பண்பாட்டு விழா’ என்று போடக்கூடாது. அந்தக் குழுவில் இது எழுதப்படாத சட்டம். போட்டால் யார் வருவார்கள் என்பது அவர்களுக்குப் பட்டுத் தெரியும்: நகரசபையின் பண்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர், மேற்கு ஆப்பிரிக்க மேளம் பழகும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சில பெற்றோர். எல்லாரும் நல்ல மனிதர்கள். பத்தரைக்கு ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்டம் சூடு பிடிப்பதே பன்னிரண்டுக்குப் பிறகு.

இதைச் சொன்னவள் க்ரேஃபெல்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவளுடைய தகப்பனும் நானும் எண்பதுகளில் ஒரே அகதி ஹைமில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்தவர்கள். பகலில் ஒரு ஆய்வுகூடத்தில் செயற்கைப் பல் செய்கிறாள். மற்ற நேரத்தில் இன்னும் நாலு பேருடன் குழுவாகச் சேர்ந்து டுசல்டோர்ஃபில் இடைக்கிடை ஓர் இரவு நடத்துகிறாள்: நடன இசை, சுவரில் ஓடும் படங்கள், ஒரு மூலையில் அங்கேயே ஸ்கிரீன் பிரிண்ட் அடித்துக் கொடுக்கும் மேசை. இதைப் பற்றி எழுதலாம் என்று நான் சொன்னதும் அவள் சிரித்தாள்.

“ஆட்டத்தண்டு வந்து நிண்டால் உங்களுக்கு ஒண்டும் விளங்காது, மாமா. ஒட்டுறதுக்கு வாங்கோ.”

போனேன். சுவர்த்தாள் ஒட்டுகிற மெதில் செல்லுலோஸ் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் தூவி, கட்டிபடாமல் விறுவிறென்று கலக்கி, இருபது நிமிடம் ஊறவிட்டால் பசை தயார். எங்கள் ஊரில் தேர்தல் காலத்தில் கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டியவனுக்கு இது மிகவும் சொகுசான வேலை. மாட்டுக்கும் இந்தப் பசை பிடிக்காது.

ஆனால் வாளிக்கு வேலை குறைவு. ஜேர்மனியில் கண்ட இடத்தில் போஸ்டர் ஒட்டினால் தண்டம் வரும். எர்ன்ஸ்ட் லிட்ஃபாஸ் என்ற அச்சகக்காரர் 1855இல் பெர்லினில் முதலில் நிறுத்திய வகை விளம்பரத் தூண்கள் இன்றும் டுசல்டோர்ஃப் எங்கும் நிற்கின்றன. அவற்றில் இடம் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். 2016 பெப்ரவரியில் திறந்த வேர்ஹான் நிலத்தடிப் பாதையில் ஆறு நிலையங்களையும் ஆறு கலைஞர்கள் வடிவமைத்தார்கள். அங்கே விளம்பரமே கிடையாது. ஹைன்ரிஹ் ஹைனெ அலே நிலையத்தில் ரால்ஃப் ப்ரோக் செய்த ஒலி நடைவழிகளைக் கேட்டுக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். போஸ்டர்காரிக்கு அந்த அழகால் பிரயோசனமில்லை. கீஃபெர்ன் ஸ்ட்ராஸ பக்கத்தில் அனுமதி வாங்கிய ஒரு வேலித்தட்டியிலும் ஒரு பட்டறைச் சுவரிலும் ஒட்டியதோடு வாளியைக் காரில் வைத்துவிட்டோம். அந்தத் தெருவின் வீடுகள் எண்பதுகளின் தொடக்கத்தில் இளைஞர்கள் புகுந்து குடியேறிப் போராடித் தக்கவைத்தவை. இன்று முகப்பு முழுக்கச் சித்திரம். சுற்றுலாக்காரர் படம் எடுக்கிறார்கள்.

மிச்சப் போஸ்டர்களைக் கதைத்துத்தான் போட வேண்டும். உள்ளே போய், வணக்கம் சொல்லி, தேநீர் தந்தால் குடித்து, கடைக்காரர் கேட்பதற்குப் பதில் சொல்லி, கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுவது. இமர்மன் ஸ்ட்ராஸவின் ஜப்பானியக் கடைகளில் இது இரண்டு நிமிட வேலை: போஸ்டரின் அளவைப் பார்த்தார்கள், இடத்தைக் காட்டினார்கள், குனிந்தார்கள். கலைக்கல்லூரி நடைவழியில் யாரையும் கேட்கவே தேவையில்லை. ஓபர்பில்க்கின் எல்லர் ஸ்ட்ராஸவில்தான் மாலை முழுவதும் போயிற்று.

மொரோக்கோக்காரர் கடைகள் நிறைந்த தெரு அது. கொலோனில் புத்தாண்டு இரவில் பெண்கள் தாக்கப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு, 2016 ஜனவரியில், பொலிஸ் இந்தப் பகுதியை அடைத்து நூற்றுக்கணக்கான ஆட்களோடு சோதனை போட்டது. அதற்கு முன்னரே வட ஆப்பிரிக்கக் குற்றக் குழுக்களை ஆராயப் பொலிஸ் வைத்த திட்டத்துக்கு ‘காசாப்லாங்கா’ என்று பெயர். குற்றவாளிகள் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் அங்கே ரொட்டி சுடுகிறவரும் முடி வெட்டுகிறவரும் அந்தப் பெயரைப் பல வருடம் சுமந்தார்கள். ஆகவே ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் போஸ்டரைக் கையில் வாங்கியதும் பாடகர் யார், இசை என்ன என்று கேட்கவில்லை. “என் தம்பிமாரை உள்ளே விடுவீர்களா?” என்று கேட்டார்.

பிள்ளை உடனே பதில் சொல்லவில்லை. கூட வந்த குழுக்காரன், இதே தெருவில் வளர்ந்தவன், வாசலில் நிற்கப்போகிறவரின் பெயரைச் சொன்னான். கடைக்காரர் தலையாட்டினார். போஸ்டர் கண்ணாடியில் ஏறியது.

வாசல்தான் இந்தத் தொழிலின் கடினமான இடம் என்று நினைக்கிறேன். தோல் நிறம் பார்த்துத் திருப்பி அனுப்புவதைத் தடுக்கும் சமத்துவச் சட்டம் ஜேர்மனியில் 2006இல் வந்தது. ஒரு டிஸ்கோ வாசலில் மறிக்கப்பட்ட கறுப்பின இளைஞனுக்கு 900 யூரோ இழப்பீடு என்று 2011இல் ஸ்டுட்கார்ட் மேல்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் “இன்றைக்கு விருந்தினர் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும்” என்று சொல்லி அனுப்புகிறவனை எந்தச் சட்டத்தால் பிடிப்பது? எண்பதுகளில் எங்களுக்கும் அதுதான் சொன்னார்கள். நாங்கள் சிரித்துக்கொண்டு திரும்பி, ஹைமில் கசெட் போட்டு ஆடினோம். இந்தக் குழு வாசலுக்குப் பாதுகாப்பு நிறுவன ஆட்களை மட்டும் விடுவதில்லை. அந்தந்தத் தெருவில் முகம் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் நிறுத்துகிறது. அவருக்கும் சம்பளம் உண்டு.

மற்றது விலை. நுழைவு பத்து யூரோ. பன்னிரண்டாக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். பதினொன்றுக்கு முன் வந்தால் ஐந்து. பொதி நிறுவனத்தில் இரவு வேலை செய்கிறவன் பன்னிரண்டு யூரோவுக்கு யோசிப்பான்; யோசிக்காதவர்கள் மட்டும் வந்தால் அது வேறு இரவு.

இந்த நகரத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. பழைய நகரத்தின் நொய்ப்ரூக் ஸ்ட்ராஸவில் 1967இல் கிரீம்சீஸ் என்ற மதுக்கூடம் திறந்தபோது அதை வடிவமைத்தவர்களில் ஆணிச் சிற்பங்களால் பெயர்பெற்ற குந்தர் யூக்கரும் இருந்தார். சுவரில் இருபத்துநாலு தொலைக்காட்சிப் பெட்டிகள். ஆடுகிற இடமும் கண்காட்சியும் ஒன்றுதான். எழுபதுகளில் ராட்டிங்கர் ஹோஃப் என்ற மதுக்கூடத்தைக் கார்மென் க்னோபெல் நடத்தினார். அவருடைய கணவர், ஓவியர் இமி க்னோபெல், பழைய அலங்காரத்தை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளைச் சுவரும் நியோன் குழாயும் வைத்தார். அந்த வெளிச்சத்தில்தான் பங்க் வந்தது. அங்கே வளர்ந்தவர்களில் ஒருவர் காபி டெல்காடோ. ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, சிறுவனாக ஜேர்மனிக்கு வந்த குடியேறி வீட்டுப் பிள்ளை. ரொபர்ட் கோர்லுடன் அவர் நடத்திய டாஃப் குழுவின் 1981ஆம் ஆண்டு இசைத்தட்டில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு முரசு, ஒரு இயந்திர பாஸ், ஒரு குரல். டொச் மொழியை அவ்வளவு மொட்டையாக, அவ்வளவு உடம்போடு, அங்கே பிறந்தவர்கள் பாடியதில்லை என்பது என் எண்ணம்.

க்ராஃப்ட்வேர்க் இசைக்குழுவின் கதையை எல்லாரும் சொல்வார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மின்ட்ரோப் ஸ்ட்ராஸ 16இல் அவர்களின் கிளிங் கிளாங் கூடம் இருந்தது. 1977இல் வந்த ‘ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டை 1982இல் நியூயோர்க்கின் ஆப்பிரிக்கா பம்பாட்டா எடுத்து ‘பிளனட் றொக்’ ஆக்கினார். டெட்ரோய்ட்டின் கறுப்பின இளைஞர்கள் அதே இயந்திர ஒலியைக் கேட்டு டெக்னோ செய்தார்கள். அது ஜேர்மனிக்குத் திரும்பி வந்தது. இப்போது பெர்லின் டெக்னோ 2024 முதல் ஜேர்மனியின் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் இருக்கிறது.

பிள்ளைக்கு இந்தப் பெருமைகளில் அக்கறை குறைவு. அவள் மதிப்பது சலோன் தெஸ் அமத்தேர் என்ற சின்ன இடத்தை. கிராபெ பிளாட்ஸில் உள்ள குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடத்தின் கொங்கிறீட் கட்டடத்துக்குள் 2004இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் டெட்லெஃப் வைன்ரிஹ். லேனா வில்லிகென்ஸ், யான் ஷுல்ட்ட, பெல்கிரேடிலிருந்து வந்த விளாடிமிர் இவ்கோவிச் எல்லாரும் அங்கே இசைத்தட்டுப் போட்டுப் போட்டுத்தான் உலகம் சுற்றினார்கள். ஆஸ்கார் வாங்கிய ஹவுஷ்கா 2011இல் தன் ஆல்பம் ஒன்றுக்கு அந்த இடத்தின் பெயரையே வைத்தார். அங்கே பெர்லின் வேகம் கிடையாது. மெதுவாக, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து போகிற மாதிரி இசை போகும். இவ்கோவிச் நாற்பத்தைந்து சுற்றுத் தட்டை முப்பத்துமூன்றில் ஓடவிடுவதில் பேர்போனவர். நிமிடத்துக்கு 135 அடி உள்ள பாட்டு அப்போது சரியாக 100க்கு இறங்கும். பதற்றம் போய் பாரம் வரும். இந்தத் தொழிலில் இதுதான் உண்மையான கைவேலை. போஸ்டர் அதற்கு ஆள் சேர்ப்பது.

சனி இரவு. ஃபிளிங்கேர்னில் ஒரு பின்முற்றம், கலியாணங்களுக்கும் வாடகைக்கு விடுகிற பழைய பட்டறை. பின்னேரம் நாலு மணிக்கே சவுண்ட்காரர் பொக்ஸ்களை இறக்கிவிட்டார். போலந்துக்காரர், அறுபதை நெருங்கியவர், ஒரு காதில் மட்டும் பஞ்சு. அரைமணிச் சராசரி 99 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே விதிமுறை. அவருக்கு அது பிரச்சினையில்லை, பிரச்சினை பாஸ். சுவரைத் தாண்டி அயல்வீட்டுக் கட்டிலுக்குப் போவது அதுதான். பெரிய பொக்ஸ்களைச் சுவரிலிருந்து இழுத்து, நடுவில் ஒன்றாகச் சேர்த்து, கீழே தடித்த றப்பர் விரித்தார். பிறகு வெளியே போய் அயலவரின் யன்னலுக்குக் கீழே நின்று ஒரு சிகரெட் முடியும்வரை கேட்டார். அந்த வீட்டுக்காரிக்கு முந்தின நாளே ஒரு கேக்கும் குழுவின் தொலைபேசி இலக்கமும் போயிருந்தது.

என்னை உண்மையில் பிடித்துப்போட்டது இரவு ஒன்றரை மணி. பிள்ளையிடம் ஒரு பைலா தட்டு இருந்தது, தகப்பனின் சேகரிப்பில் எடுத்தது. போர்த்துக்கீசரும் அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக்கு விட்டுப்போன தாளம். சிலோன் மனோகரின் சுராங்கனியைத் தெரிந்தவர்களுக்கு அதன் துள்ளல் தெரியும். ஆனால் அது ஆறெட்டு. நடன இசை நாலடி. நேரே மாற்றினால் தளத்தில் நிற்பவர்களின் கால் இடறும், நாலு பேர் தண்ணி குடிக்கப் போவார்கள், அந்த இரவு அதோடு சரிந்துவிடும். இதற்கு வழி கண்டவன் எல்லர் ஸ்ட்ராஸப் பையன். மொரோக்கோவின் ஷாபியும் ஆறெட்டுத்தான். முதலில் அவன், நாலடிப் பாட்டு ஒன்றின் மேல் வெறும் கைத்தட்டும் தாளக்கட்டு ஒன்றைக் கலந்தான். ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று மூன்றாக விழுகிறது, பெரிய அடி மாறவில்லை. கால்கள் கவனிக்காமலே மூன்றுக்குப் பழகின. பிறகு நாலடி முரசை மெல்ல வெட்டினான், ஷாபி தனியே நின்றது. முடிதிருத்தும் கடைக்காரரின் தம்பிமார் தோளைக் குலுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தார்கள். அதன் பின்னால், வேகத்தை ஆறு விழுக்காடு கூட்டி, அவள் பைலாவை விட்டாள்.

மூலையில் மை பூசிக்கொண்டிருந்த கலைக்கல்லூரிப் பெண் ஸ்கிரீனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். ஜப்பானிய இளைஞர் இருவர் முழங்காலை மடக்கி ஏதோ புதிதாக ஆடினார்கள். எனக்கு அறுபது வயது. நானும் ஆடினேன். அது எந்த நாட்டுப் பாட்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் பட்டியல் எழுதும்போதுதான் கேட்டார்கள்.

பட்டியல், கணக்கு எல்லாம் ஞாயிறு மத்தியானம், பிள்ளையின் சமையலறையில். உரிமைத்தொகை வாங்கும் கேமா சங்கத்துக்குக் கட்டணம் போக வேண்டும். மண்டபத்தின் பரப்பும் நுழைவுக் காசும் பார்த்து அது கணக்கிடப்படும். ஒலிக்கும் எந்த இசையும் அவர்களின் பொறுப்பில் உள்ளது என்பதே சட்டத்தின் தொடக்க ஊகம். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது நடத்துகிறவர். கொழும்பில் எப்போதோ அடித்த பைலாத் தட்டுக்கு எதை நிரூபிப்பது? கட்டிவிடுகிறார்கள். கலைஞர் சமூகக் காப்புறுதிக்கு, கலைஞர்களுக்குக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்கு. மண்டபம், பொக்ஸ், வாசல், அச்சு, கேக். டெக்னோ இரவும் கச்சேரிதான், அதற்குக் குறைந்த வரியே என்று உச்ச நிதி நீதிமன்றம் 2020இல் சொன்னது பெரிய கிளப்களுக்கு நல்ல சேதி. கிளப்களைச் சூதாட்டக் கூடங்களோடு சேர்க்காமல் பண்பாட்டு இடங்களாகப் பார்க்க வேண்டும் என்று 2021 மே மாதம் நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டது. இந்த மேசையில் அவற்றின் எதிரொலி கேட்கவில்லை. ஐந்து பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு மாதப் பஸ் டிக்கெட் வரலாம். பிரிக்காமல் அடுத்த இரவுக்கு வைத்தார்கள்.

அடுத்தது எப்போது என்ற கதை வந்தது. பெரிய வெள்ளிக்கு முதல் நாள் வியாழன் இரவு வைப்போம், மறுநாள் விடுமுறை, சனம் வரும் என்றாள் கலைக்கல்லூரிப் பெண். அவள் வேறு மாநிலத்துக்காரி. இந்த மாநிலத்தில் அந்த வியாழன் மாலை ஆறு மணியிலிருந்து சனி காலை ஆறு மணிவரை பொது இடத்தில் நடனம் கூடாது என்பது சட்டம். அப்படியென்றால் சனி இரவு. பிள்ளை மண்டபக்காரருக்கு அடித்தாள், கேட்டாள், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அண்டைக்கு அங்கை ஒரு தமிழ்ச் சாமத்தியவீடாம், மாமா. பத்து மணிக்கு எழும்பிவிடுவினம் எண்டு சொல்லியிருக்கினமாம். பதினொண்டுக்கு நாங்கள் துவங்கலாம். பொக்ஸையும் அவையோடை பங்கு போடலாம், வாடகை பாதி.”

“கேக் எத்தினை மணிக்கு வெட்டுவினம் எண்டு கேள்,” என்றேன்.

கேட்டாள். பத்தரைக்காம்.

“அப்ப போஸ்டரிலை ஒரு மணி எண்டு போடு.”