ஃபாண்டமுக்கு வாரிசு உண்டு, சேகரிப்பவருக்கு?

தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் காமிக்ஸ் கடையைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டாம். நரைத்த தலைகள் நாலைந்து குனிந்திருக்கும் இடம்தான் அது. தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்த சந்தை, 2019-ல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆசப் அலி சாலையின் மகிளா ஹாட்டுக்கு இடம் மாறியது. நரைத்த தலைகளும் கூடவே இடம் மாறின.

அவற்றில் ஒன்று, எழுபதைத் தொட்டுவிட்ட ஒரு தமிழருடையது. மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் மூன்று டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. உள்ளே இருப்பது நகையல்ல, இந்திரஜால் காமிக்ஸ். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கி 1990-ல் நிறுத்திய வரிசை. பாதிக்கு மேல் ஃபாண்டம் கதைகள். மீதியில் மாண்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன், ரிப் கிர்பி. சுமார் 800 இதழ்களில் அறுநூற்றுச் சொச்சம் அவரிடம் இருக்கிறது.

சேர்த்த விதம் சுவாரஸ்யமானது. ரயில் நிலையப் புத்தகக் கடையில் ஒன்று, பழைய பேப்பர்காரரிடம் கெஞ்சி வாங்கியது இரண்டு, பள்ளித் தோழனுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் எழுதிக் கொடுத்துப் பெற்றது நாலு. ஒரு இதழைத் தவறவிட்டால் அந்தக் கதையே போயிற்று. மறுபடி படிக்க வேண்டும் என்றால் கையில் வைத்திருந்தே ஆகவேண்டும். சேகரிப்பு என்பது அந்த நாளில் பொழுதுபோக்கல்ல, முன்னெச்சரிக்கை.

அந்தக் காரணம் இன்று இல்லை. அவர் ஆறு ஆண்டுகள் தேடிய இதழின் ஸ்கேன் பிரதியைப் பேத்தி ஒரு நிமிடத்தில் செல்போனில் எடுத்துக் காட்டினாள். "தாத்தா, இதுக்குப் போயா இவ்வளவு அலைஞ்சீங்க?" அவர் பதில் சொல்லவில்லை. மட்டமான காகிதம், துருப்பிடித்த பின், நாப்தலின் வாசனை, பக்கத்தைப் புரட்டினால் ஓரம் உதிர்கிறது. திரையில் இருக்கும் பிரதியோ பளிச்சென்று இருக்கிறது. இதற்கு என்ன வாதம் செய்வது?

ஆனால் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் சேர்த்து வைப்பதில்லை' என்ற வழக்கமான புலம்பல் அந்த வீட்டில் செல்லாது. பதினாறு வயதுப் பேத்தியின் அலமாரியில் ஜப்பானிய மாங்கா புத்தகங்கள் எண் வரிசையில் நிற்கின்றன. 1997-ல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்ட 'ஒன் பீஸ்' அவளுடைய இந்திரஜால். தொகுதி ஒவ்வொன்றும் பல நூறு ரூபாய். பிறந்தநாள் பணம், தீபாவளிப் பணம் எல்லாம் அங்கேதான் போகிறது. நடுவில் ஒரு எண் இல்லாவிட்டால் அவளுக்கும் தூக்கம் வராது. தாத்தாவின் வியாதி ஒரு தலைமுறை தாண்டி அப்படியே வந்திருக்கிறது.

வித்தியாசம் ஒன்றே. அவர் படிப்பதற்காக வாங்கினார். அவள் திரையில் படித்து முடித்து, பிடித்ததை மட்டும் வாங்குகிறாள். ஆகவே சேகரிப்பு சாகப்போவதில்லை. ஆபத்து, தாத்தாக்களின் பெட்டிகளுக்குத்தான். சேர்ப்பவர் தன் இளமையில் மனதைப் பறிகொடுத்ததைத்தான் சேர்ப்பார். அடுத்தவர் இளமையைப் பெட்டியோடு வாங்கிக்கொள்ள யார் வருவார்கள்? சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-ல் வந்த லயனும் இன்றும் வாசகர்களின் அலமாரிகளில் இடம் பிடிப்பதற்குப் பழைய நினைவு மட்டும் காரணமல்ல. அங்கே புதுக் கதைகள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்திரஜாலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய சந்தை நண்பர் ஒருவர் காலமானார். காரியங்கள் முடிந்து துக்கம் விசாரிக்கப் போனபோது, நண்பரின் புத்தக அறை காலியாக இருந்தது. தெருவில் வந்த கபாடிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிட்டார்களாம். குடும்பத்தைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு அது தூசி. ஆஸ்துமாக்காரர் ஒருவரும் வீட்டில் இருந்தார். அன்றிரவுதான் தாத்தா தன் பெட்டிகளைப் பற்றி முதன்முறையாகப் பயந்தார்.

அதன் பிறகே பேத்திக்கு மூன்று ஃபாண்டம் இதழ்களைப் படிக்கக் கொடுத்தார். கதைப்படி முகமூடி தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும்; நாம் படித்தவர் 21-வது ஃபாண்டம். பேத்தி படித்துவிட்டுக் கேட்டாள்: "காட்டுல அத்தனை பேர் இருக்காங்க. 21 தலைமுறையா வெள்ளைக்காரர்தான் காப்பாத்தணுமா?" அறுபது வருடங்களில் அவருக்குத் தோன்றாத கேள்வி. பதிப்பாளர்களே இந்தியாவுக்காகச் சில மாற்றங்கள் செய்திருந்தார்கள் என்று விளக்கினார். சிங் கொள்ளையர்கள் 'சிங்கா' ஆனதையும் சொன்னார். அவள் சிரித்தாள். பெயரை மாற்றினார்கள், நாற்காலியை மாற்றவில்லையே என்பது அவள் கட்சி. அவள் கட்சியில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வேறொன்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. 1976 டிசம்பரில் ஆபித் சுர்தியின் கற்பனையில் இந்திரஜாலுக்குள் வந்த பகதூர். சம்பல் கொள்ளைக்காரர்களோடு மோதும் உள்ளூர் நாயகன்; தோளோடு தோள் நிற்கும் பேலா. ஐந்து இதழ்களை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு வந்தாள். "பகதூர் மட்டும் எனக்குக் கொடுங்க தாத்தா. மத்தது வேண்டாம்."

சேகரிப்பவரிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. வரிசையை உடைத்தால் அது வரிசை அல்ல. ஐம்பது ஆண்டுகள் இடைவெளிகளை அடைத்தவர், தன் கையாலேயே இடைவெளி உண்டாக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மொத்தமும் ஒருநாள் தராசில் ஏறும். இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். மனைவி, "பெட்டிக்குள்ள பூட்டி வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றதோடு சரி.

மூன்றாவது ஞாயிறு அவர் சந்தைக்குப் போகவில்லை. பகதூர் இதழ்களைத் தனியே எடுத்து, பிளாஸ்டிக் உறையிட்டுப் பேத்தியின் அலமாரியில், மாங்காவுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு பட்டியல் நோட்டை எடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே 'பேத்தியிடம்' என்று எழுதினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினாள். நடுவே சில எண்களைச் சிவப்பு மையால் சுழித்திருந்தது. அவை தொலைந்தவையா என்று கேட்டாள். பத்திரிகை நிறுவனத்தில் வேலைநிறுத்தம் நடந்ததால் அந்த எண்கள் அச்சாகவே இல்லை, தேடி அலையாதே என்றார். அவள் தன் செல்போனில் அந்த எண்களைக் குறித்துக்கொண்டாள்.