போர்டைக் கழற்றிய பிறகு டீ போடலாமா?

நகையை அடகு வைத்து, பி.எஃப் பணத்தையும் சேர்த்துப் போட்டு ஃபிரான்சைஸ் டீக்கடை எடுப்பவர்கள், ஒப்பந்தப் பத்திரத்தில் முதலில் பார்ப்பது டெபாசிட் தொகையைத்தான். அடுத்தது ராயல்டி எத்தனை சதவிகிதம் என்பது. கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் ஒரு ஷரத்தைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டருக்குள் இதே தொழிலைச் செய்யக் கூடாது என்கிறது அது.

சில வருடங்கள் ஓடும். டீத்தூள் முதல் பேப்பர் கப் வரை கம்பெனி சொல்லும் விலைக்கு வாங்கி வாங்கி அலுத்துப்போகும். ஒப்பந்தம் முடிந்ததும் போர்டைக் கழற்றிவிட்டு, சொந்தப் பெயரில் கடை போடுவார்கள். வக்கீல் நோட்டீஸ் வரும். "இனிமே நாம டீயே போடக் கூடாதாங்க?" என்று மனைவி கேட்டால், பல வீடுகளில் கணவரிடம் பதில் இருக்காது.

பதில் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 27-வது பிரிவில் இருக்கிறது. சட்டப்படியான ஒரு தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும்தான். வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. அவரை நியாயமான எல்லைக்குள் தடுக்கலாம்.

இந்தப் பிரிவு எவ்வளவு கறாரானது என்பதற்கு 1874-ல் வந்த கல்கத்தா வழக்கு ஒன்று போதும். 'உன் கடையை இங்கிருந்து எடுத்துவிட்டால் பணம் தருகிறேன்' என்றார் ஒரு கடைக்காரர். போட்டிக் கடைக்காரரும் நம்பி மூடினார். பணம் வரவில்லை. கோர்ட்டுக்குப் போனால், 'தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தமே செல்லாது, பணமும் கேட்க முடியாது' என்று தீர்ப்பு. பாவம், அவருக்குக் கடையும் போச்சு.

ஆனால், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது கதை வேறு. 1993-ல் தம்ஸ் அப், லிம்கா போன்ற பிராண்டுகளை கோகோ கோலா வாங்கியது. அவற்றை பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்த குஜராத் பாட்டிலிங் கம்பெனியின் பங்குகள் 1995-ல் பெப்சி தரப்பின் கைக்குப் போயின. ஒப்பந்தக் காலத்தில் வேறு கம்பெனி பானத்தைத் தயாரிக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லும் என்றது நீதிமன்றம், ஒரு வருட நோட்டீஸ் காலத்தையும் சேர்த்து. அதனால், ஃபிரான்சைஸ் கடை நடக்கும்போதே மச்சான் பெயரில் பக்கத்துத் தெருவில் இன்னொரு டீக்கடை திறப்பது ஆபத்து. கோபத்தில் ஒரு நாள் போர்டைக் கழற்றுவதாலும் ஒப்பந்தம் முடிந்துவிடாது.

முறைப்படி முடித்தவர்களுக்கும் சில கட்டுகள் தொடரும். கம்பெனியின் பெயர், லோகோ, ரகசியமாகக் கொடுத்த மசாலாக் கலவை எதையும் பயன்படுத்த முடியாது. டெபாசிட்டைத் திரும்பக் கேட்டால், 'ஷரத்தை மீறிவிட்டீர்கள்' என்று கம்பெனி இழுத்தடிக்கலாம். அந்தச் சண்டையை எந்த ஊரில் போட வேண்டும் என்பதையும் பத்திரமே முடிவுசெய்திருக்கும். ஆர்பிட்ரேஷன் டெல்லியில் என்று இருந்தால், திருப்பூரில் டீ ஆற்றுகிறவர் ரயில் ஏற வேண்டியதுதான்.

இன்னொன்று, கடை வாடகை ஒப்பந்தம். அது கம்பெனி பெயரில் இருந்தால், போர்டைக் கழற்றும் அன்றே கடையையும் காலி செய்ய வேண்டிவரும். பழகிய வாடிக்கையாளர்கள் அதே வாசலுக்குத்தான் வருவார்கள். அங்கே வேறொருவர் பாய்லர் வைத்திருப்பார்.